அமாவாசை மத்தியானத்துக் கிட்டார்

எங்கள் ஆரணியில் அப்போது எனக்குத் தெரிந்து கிட்டார் வாசித்தவர் ஒருவர்தான். எழுபதுகளின் கடைசி. ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தார். கல்யாணம், திருவிழா, புதுக்கடை திறப்பு என்று அந்தக் குழு போகாத ஊர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மேடையில் அவருக்குக் கடைசி வரிசை. பாடுகிறவர்களுக்கும் ஆர்மோனியத்துக்கும் பின்னால், டிரம்ஸை ஒட்டி நின்றுகொண்டு, தாளத்துக்குக் கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பார். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும். பகலில் பஸ் ஸ்டாண்டு அருகே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார்.

நான் பட்டு நெய்கிறவன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது, இன்றைக்கும் வராது. அவர் கடைக்கு வேலை முடிந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். அவரும் எதுவும் கேட்க மாட்டார். அந்தப் பழக்கத்தில்தான் அவருடைய ரசிகன் ஆனேன்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. மெட்ராஸில் சினிமா ரெக்கார்டிங்கில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இதை அவர் மறைத்ததில்லை. ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டே சொல்வார்:

"ஒரே ஒரு தடவ உள்ள உட்டாங்கன்னா போதும்பா. அப்பறம் வெளிய தள்ளுனாலும் போவ மாட்டேன்."

அவர் மனைவி கடைக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது இதைக் கேட்டுவிட்டால், "மொதல்ல அந்த மிலிட்டிரிக்காரரு ரேடியோவ குடு, அவுரு வூட்டாண்ட வந்து கத்திட்டுப் போறாரு" என்பார். ஆனாலும் அவருக்குப் புதுச் சட்டை ஒன்றைத் தைத்து, போடாமல் பெட்டியில் வைத்திருந்ததும் அந்த அம்மாதான். மெட்ராஸ் போகிற அன்றைக்கு என்று.

என்னைப் போல் அவருக்கு இன்னும் சில நெசவுக்கார ரசிகர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அந்தக் குழுவின் கச்சேரி பெரிதில்லை. சினிமாப் பாட்டை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். குழுவுக்கு வெளியே அவர் தனியாகச் செய்தவைதான் எங்களுக்கு உயிர். வந்தவாசிப் பக்கம் ஒரு சர்ச்சில் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் பாடும்போது பின்னணி வாசிப்பார். பாட்டு முடிந்த பிறகும் நிறுத்த மனசில்லாமல் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருப்பாராம். சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு வந்தவர்கள் அதைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார்கள். தெள்ளாரில் நாடகக்காரர்கள் சிலர் புதுமையாக இருக்கட்டும் என்று அவரைக் கூப்பிட்டு, ராஜா வரும் கட்டத்துக்கு வாசிக்க வைத்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்னாடா இது, ராஜா வர்றாரா போலீஸ் வர்தா?" என்று கேட்டு, கூட்டம் சிரித்ததில் ராஜாவும் சிரித்துவிட்டார். நாடகம் அத்தோடு படுத்துவிட்டது. எங்களுக்கு அந்த ராஜா வாசிப்பும் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது அமாவாசைக் கச்சேரி. அமாவாசையன்று எங்கள் ஊரில் தறியில் கை வைக்க மாட்டோம். தெருவே ஓசையில்லாமல் கிடக்கும். அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு, ஓர் அரிசி மில்லின் பழைய குடோனில் அவர் வாசிப்பார். மில்லில் மூட்டைக் கணக்குப் பார்த்தவர்தான் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அதனால் இடமும் கரண்டும் கிடைத்தன. இரண்டு பேர்தான் வாசிப்பது. கேட்பது நாங்கள், நெசவுக்காரர்கள், பத்துப் பன்னிரண்டு பேர். கோணியை விரித்து உட்கார்ந்துகொள்வோம். தவிட்டு வாசனை அடிக்கும். ஆம்ப்ளிஃபையரை அவரே செய்திருந்தார். ஒலியைக் கூட்டினால் கிட்டார் சத்தம் கிழிந்துபோய் வரும். முதலில் நாங்கள் மிஷின் பழுது என்று நினைத்தோம். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன், வெள்ளைக்காரர்கள் இதற்கு ராக் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்ன பிறகு, கிழிந்த சத்தம்தான் நல்ல சத்தம் என்று நாங்களும் முடிவு செய்துகொண்டோம்.

அவர் வாசித்த எதற்கும் பேர் இல்லை. நாங்கள்தான் வைத்தோம். மெதுவாக, நனைந்து கனத்ததுபோல் போகும் ஒன்றுக்கு 'ஈர நூல்'. சரசரவென்று இறங்கும் ஒன்றுக்கு 'மாமியார் சண்டை'. எல்லோருக்கும் பிடித்தது 'மில்லு'.

'மில்லு' எப்படி வந்தது என்றால், குடோனுக்குப் பக்கத்திலேயே மில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு அமாவாசை லீவு கிடையாது. இன்ஜினின் பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரத்தில் பட்டு, டப், டப் என்று அடிக்கும். ஒருநாள் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார். பிறகு அந்த அடிக்கு நடுவில் கம்பியில் விரலை விட்டு ஏதோ வாசித்தார். நெல்லை அதிகமாகக் கொட்டினால் இன்ஜின் திணறும், பெல்ட் மெதுவாகும். உடனே இவரும் கம்பியை இழுத்து இழுத்து வாசிப்பார். பாரம் குறைந்து இன்ஜின் துள்ளினால் இவரும் துள்ளுவார். டிரம்ஸ்காரருக்கு வேர்த்துக் கொட்டும். போன அமாவாசைக்கு ஒருவிதம், இந்த அமாவாசைக்கு ஒருவிதம். நாங்கள் கேட்டுக்கொண்டே மண்டையை ஆட்டினோம். அதுதான் எங்களுடைய நல்ல காலம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களில் ஒருவர் பாவு பிணைக்கிறவர். தறியில் பழைய பாவு முடிந்ததும், புதுப் பாவின் இழைகளை அதன் நுனியோடு ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழை. ஒன்றை விட்டாலும் புடவையில் கோடு விழும். அவர் பாட்டுக் கேட்பதும் அப்படித்தான். கண்ணை மூடி, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தடவிக்கொண்டே இருப்பார். அவர்தான் முதலில் சொன்னார்:

"அண்ணே, கோச்சிக்காத. போன தபா மூணாவது சுத்துல மேல போயி எறங்கின. இன்னிக்கி எறங்கவே இல்ல. இழ உட்டுப்போச்சு."

"அதெல்லாம் அப்பப்ப வர்றதுப்பா. நான் இன்னா தறியா?"

"தறின்னா நல்லாத்தான்ணே இருக்கும். ஒயுங்கா போவும்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

எங்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தொழில் அப்படி. இடது கரையில் ஒரு பூ இருந்தால் வலது கரையில் அதே உயரத்தில் அதே பூ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புடவை திரும்பி வரும். மாறாமல் வருவதுதான் எங்களுக்கு நல்ல கை. மாறினால் கை தவறிவிட்டது என்று அர்த்தம். வேறு எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்கு யாரும் காட்டியதில்லை. அவரை நாங்கள் நல்ல நெசவுக்காரரைப் போல நேசித்தோம்.

டிரம்ஸ்காரரின் மச்சான் துபாயிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். ஓர் அமாவாசைக்கு அதைக் குடோனில் வைத்து எல்லாவற்றையும் பதிந்தோம். அன்றைக்கு அவர் அற்புதமாக வாசித்தார், அதில் சந்தேகமில்லை. பெல்ட் அடிக்கும் சத்தம்கூட அதில் விழுந்திருந்தது. அந்தக் கேசட்டைத் தெருத் தெருவாக வாங்கிக் கேட்டோம். நெய்துகொண்டே கேட்டோம். வாரம் இரண்டு போவதற்குள் அது எங்கள் காலுக்கும் கைக்கும் பாடமாகிவிட்டது.

அதற்கு அடுத்த அமாவாசையிலிருந்து குடோனில் கேட்ட பேச்சு இதுதான்:

"டேப்புல அப்பிடி இல்லியேண்ணே."

"ஆமாண்ணே, டேப்புல அந்த எடத்துல ஒரு நெளிவு வரும்."

புதுப் புடவைக்கு மாதிரித் துண்டை வைத்துப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. முதலில் அவர் கேலி செய்தார். "அப்ப டேப்பையே கூட்டிகினு போயி கல்யாணம் பண்ணுங்கடா" என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார். ஏன் கேட்டுக்கொண்டார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மேடையில் அவரை யாரும் பார்ப்பதில்லை. குடோனில் பத்துப் பேர் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பத்து முகமும் மலர வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். ஓர் இடம் வரும்போது எங்களைப் பார்ப்பார். நாங்கள் தலையாட்டினால் மேலே போவார். ஆட்டாவிட்டால் நிறுத்தி, மறுபடி எடுப்பார்.

மில்லில் ஒருநாள் நெல் பாரம் அதிகம். பெல்ட் அடி ஒரேயடியாக மெதுவாகிவிட்டது. டேப்பில் உள்ள வேகத்துக்கு அது ஒத்துவரவில்லை. பாவு பிணைக்கிறவர் எழுந்து போய்க் குடோன் கதவைச் சாத்தினார். இடுக்கில் கோணியை அடைத்தார். "இப்ப வாசிண்ணே, தொல்ல இல்ல" என்றார். அவரும் வாசித்தார். மில்லுக்குக் கதவைச் சாத்திவிட்டு 'மில்லு' கேட்டோம். ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

இடையில் ஒரு தடவை அவர் புதிதாக ஒன்று வாசித்தார். கிழிசல் சத்தம் இல்லாமல், ஒலியைக் குறைத்து, ஒரே கம்பியில் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மரியாதையாகக் கேட்டோம். முடிந்ததும் யாரோ செருமினார்கள்.

"நல்லா கீதுண்ணே. இப்ப 'மில்லு' வாசி."

அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. மறுபடி அவர் அதை எடுக்கவும் இல்லை. அது எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றுவிட்டேன். ஒரு சுரம்கூட வரவில்லை. 'மில்லு' மட்டும் வருகிறது, தடங்கலில்லாமல், முதலிலிருந்து கடைசிவரை.

எண்பதுகள் தொடங்கியிருந்தன. ஊரில் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று. மெல்லிசைக் குழுவில் அன்று பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, நேரத்தை ஓட்ட வேண்டும் என்று இவரை முன்னால் வந்து வாசிக்கச் சொன்னார்கள். 'மாமியார் சண்டை' வாசித்தார். பெண் வீட்டுக்கு விருந்தாளியாக மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சினிமா ரெக்கார்டிங்குகளுக்கு வாத்தியக்காரர்களைச் சேர்த்துக் கொடுப்பவர். சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராக மேடைக்குப் பின்னால் வந்தார்.

"கிட்டாருக்கு ஒரு ஆள் தேடிட்டிருக்கோம். அடுத்த வாரம் வாங்க, உட்கார்ந்து பார்ப்போம்."

அந்த வாரம் நாங்கள் யாரும் ஒழுங்காக நெய்யவில்லை. தினமும் சாயங்காலம் ரேடியோ கடையில் கூடினோம். கேசட்டை ஓடவிடுவது, அவரை வாசிக்கச் சொல்வது, ஒத்துப் பார்ப்பது. பாவு பிணைக்கிறவர் கண்ணை மூடி விரலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசி நாள் அவர் கண்ணைத் திறந்து, "ஒரு இழ உடல. போய் வாண்ணே, ஜெயிச்சிட்ட" என்றார். கிட்டார்க்காரரின் மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தார். டீ கொடுக்கும்போது அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெட்டியிலிருந்து சட்டையை எடுத்து ஏற்கெனவே இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

எனக்கும் மெட்ராஸில் ஒரு ஜவுளிக்கடைக்குப் புடவை கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் நான் துணைக்குப் போனேன். விடிகாலை பஸ். என் மடியில் புடவை மூட்டை, அவர் மடியில் கிட்டார். கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடிதான் இடம். ஜமக்காளம் விரித்திருந்தது. ஒரு பையன் தாளத்துக்கு டிரம்ஸில் உட்கார்ந்திருந்தான். எங்களை வரச்சொன்ன அந்த மனிதர் எனக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். மரியாதைக்காரர்.

இவர் 'மில்லு' வாசித்தார். சுத்தமாக வாசித்தார். என் கால் தானாகத் தறி மிதிப்பதுபோல் தரையை மிதித்தது.

"பிரமாதம்" என்றார் அந்த மனிதர். "இப்ப ஒண்ணு பண்ணுங்க. ஒரு பொண்ணு வீட்டை விட்டுப் போறா. வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கிறா. உங்களுக்கு என்ன தோணுதோ வாசிங்க."

இவர் தொடங்கினார். நாலைந்து சுரத்துக்குப் பிறகு அது 'ஈர நூல்' ஆகிவிட்டது.

"இது நீங்க முன்னாடியே வச்சிருந்ததுதானே? நல்லா இருக்கு. ஆனா வேற ஏதாவது? தப்பா வந்தாலும் பரவாயில்ல சார்."

மறுபடி தொடங்கினார். இந்த முறை எங்கும் கேட்காத ஒரு திருப்பத்தில் விரல் போனது. போன வேகத்தில் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். குடோனில் பார்ப்பாரே, அதே பார்வை. இது எதில் வருகிறது, 'மில்லு'விலா, 'சண்டை'யிலா என்று நான் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் விரல் நின்றது. பிறகு 'மில்லு'வின் நடுப்பகுதிக்குள் போய்விட்டார்.

மூன்றாவது முறை அந்த மனிதர் கேட்கவில்லை. படிக்கட்டு வரை வந்து வழியனுப்பினார்.

"கை ரொம்பச் சுத்தம் சார். எங்களுக்கு அங்க உட்கார வச்ச உடனே புதுசா ஒண்ணு வேணும். அதான் கஷ்டம். தப்பா எடுத்துக்காதீங்க."

திரும்பி வரும் பஸ் காஞ்சிபுரம் தாண்டியிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவுரு கேட்டது ஒண்ணும் கஷ்டமில்லப்பா. முன்னல்லாம் நான் அதத்தான் பண்ணிகினு இருந்தேன்."

"எப்பண்ணே?"

"நீங்கல்லாம் உக்காந்து கேக்கறதுக்கு முன்ன. கொஞ்ச நாளு, கேக்க ஆரம்பிச்ச பொறவும்."

அதில் கோபம் இல்லை. ரேடியோவில் எந்தப் பாகம் போய்விட்டது என்று கண்டுபிடித்தவர் வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுக்கிறது என்று மேல் பட்டனை அவிழ்த்துவிட்டுக்கொண்டார்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர் மனைவி கொஞ்சம் தள்ளி, கடைப் படியில் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கிட்டாரைக் கையில் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள்தான் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தப்பு உட்டாரா?"

"இல்ல. சுத்தமா வாசிச்சாரு."

"பின்ன இன்னாவாம்?"

நடந்ததைச் சொல்லியிருந்தாலும் அங்கே யாருக்கும் புரிந்திருக்காது. எனக்கே அப்போது பாதிதான் புரிந்திருந்தது. "வேற மாதிரி ஆளு வேணுமாம்" என்றேன். பாவு பிணைக்கிறவர் தரையில் துப்பினார். "அந்தாளுக்குக் காதே கெடையாதுப்பா. ஒரு இழ உடாம வாசிச்ச ஆள வேணான்றான்." அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. பல வருடம் கழித்து அவர் படுக்கையில் இருந்தபோது பார்க்கப் போனேன். அப்போதும் அந்த மெட்ராஸ்காரரை அவர் மன்னிக்கவில்லை.

மெட்ராஸ் போய் வந்த பிறகு, அடுத்த அமாவாசைக்குக் கிட்டார்க்காரர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். ஒயரைச் சொருகி, கிட்டாரை மாட்டிக்கொண்டு, எப்போதும்போல் ஸ்டூலில் உட்கார்ந்தார். கதவு திறந்துதான் இருந்தது. பெல்ட் அடிக்கும் சத்தம் வந்தது. அன்றைக்கு இன்ஜின் ஒரு நிலையில் ஓடவில்லை, ஏறி ஏறி இறங்கியது. யாராவது எழுந்து சாத்துவார்கள் என்று பார்த்தேன். அவர் அதற்குள் தொடங்கிவிட்டார். இன்ஜினைத் தொடர்ந்து போவாரோ என்று அவர் விரலையே பார்த்தேன். போனால் போதும், யார் என்ன சொன்னாலும் சரி, இந்த ஒரு தடவை நானே எழுந்து நல்லா இருக்கு என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இன்ஜினைக் கவனிக்கவே இல்லை. வெளியே பெல்ட் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருக்க, டேப்பில் உள்ள வேகத்தில், டேப்பில் உள்ள நெளிவோடு, 'மில்லு'வை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது அவர் கையில் பழகிவிட்டிருந்தது.

கை தட்டினோம். ஒருவர் விசில் அடித்தார்.

"ஒன்ஸ் மோர்ண்ணே!"

ஸ்டூலை லேசாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, அப்படியே இன்னொரு முறை வாசித்தார்.